அயோவாக்காரரின் கையெழுத்து

யோகாவின் வங்கி அட்டை முதன்முதலாக வேலை செய்ய மறுத்தது இரண்டு மூட்டை உருளைக்கிழங்குக்குத்தான். தை மாதத்துச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே சிட்னியின் பிளெமிங்டன் சந்தையில் வெயில் முதுகைப் பிடித்துவிட்டது. லெபனான்காரக் கிழங்கு வியாபாரி அட்டையை வாங்கி மூன்று தரம் மெஷினில் வைத்துப் பார்த்தார். மெஷின் மூன்று தரமும் மாட்டேன் என்றது. பதினாறு வருடமாக அவரிடம்தான் யோகா கிழங்கு வாங்குகிறாள். "நோ வொறீஸ், நெக்ஸ்ட் வீக்" என்று மூட்டைகளை அவரே ட்ரொலியில் ஏற்றிவிட்டார். கடன் சொல்லிச் சாமான் வாங்குவது யோகாவுக்குப் பிடிக்காத காரியம். வெயிலுக்கு மெஷின் குழம்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரை எடுத்தாள்.

மெரிலேண்ட்ஸ் பெற்றோல் செட்டிலும் அதே கதை. அங்கே மெஷின் குளிரூட்டிய அறைக்குள் இருந்தது. வெயிலில் பழிபோட வழியில்லை. கைப்பையின் அடியில் கிடந்த சில்லறையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் நின்று அழ நேரமில்லை. மறுநாள் பெண்டில் ஹில்லில் ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளான விழா. முந்நூறு ரோல்ஸ், நூற்றைம்பது கட்லட். கிழங்கை அவித்து உரித்து, ஆட்டிறைச்சியோடும் வெங்காயத்தோடும் பிரட்டி, ஆறவைத்து, மெல்லிய அப்பத்தில் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி அடுக்க வேண்டும். ஆறாத கறியை வைத்துச் சுருட்டினால் அப்பம் கிழியும். அதனால் இந்த வேலையில் பாதி, ஆறும்வரை பொறுத்திருப்பதுதான். யோகா பதினாறு வருடமாகப் பொறுத்திருந்தாள். அந்தப் பொறுமையின் பலனாக, மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், முன்பு கைத்தொலைபேசி திருத்திய ஒரு சின்னக் கடை அவளுக்கென்று கிட்டத்தட்ட ஆகிவிட்டிருந்தது. முற்பணத்தை வரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் ஏஜென்ற்றிடம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடை, பபிள் டீ என்னும் குமிழித் தேநீர் விற்கக் காத்திருக்கும் ஒருவனுக்குப் போய்விடும். அவனும் நல்ல பெடியன்தான் என்று ஏஜென்ற் சொல்லியிருந்தார். யோகாவுக்கு அவன் நல்லவனா கெட்டவனா என்பதில் அக்கறையில்லை.

குசினிக்குள் நாற்பத்திரண்டு பாகை. அவள் கணவர் கணேசலிங்கம் மின்விசிறிக்கு நேரே கதிரையைப் போட்டு, மடியில் ஒரு பைலை விரித்து வைத்து, பழைய மாணவர் சங்கத்தின் கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் சிக்னல் திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். அதற்குப் பிறகு அவருக்கு ஓய்வே இல்லை.

"இஞ்சருங்கோ, காட் வேலை செய்யேல்லை."

"எந்தக் காட்?"

"எங்கடை காட். ரெண்டு பேருக்கும் பொதுவானது. வேறை என்ன காட் கிடக்கு என்னட்டை?"

"மெசின் பிழையாயிருக்கும்."

"நானும் உதைத்தான் நினைச்சனான். ரெண்டு மெசினும் ஒரே நாளிலை பிழைக்குமோ?"

கணேசலிங்கம் பேனாவை மூடினார். மூடிய விதத்தில் ஏதோ இருந்தது. முப்பத்துநான்கு வருடம் ஒருவரோடு குடித்தனம் நடத்தினால் பேனா மூடுவதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். யோகா கையைக் கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

ராகவி லிட்கம்மில் தனியே இருக்கிறாள், மருந்துக்கடையில் மருந்தாளர். சனிக்கிழமைகளில் ரோல்ஸ் சுருட்ட வருவாள், வாடகை கொடுக்காமல் வளர்ந்த கடனுக்கு. அவள் கைபேசியில் வங்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, அக்கவுண்ட் ஓன் ஹோல்ட். இட் சேஸ் டாக்ஸ் ரெசிடென்சி. அப்பா, பாங்க் லெட்டர் ஏதும் வந்ததோ?" என்றாள்.

"ஓ, அதுவோ," என்றார் கணேசலிங்கம்.

அது நான்கு கடிதமாக பிரிட்ஜுக்கு மேலே, கோயில் கலண்டருக்குக் கீழே கிடந்தது. முதலாவது கார்த்திகையில் வந்தது. மற்ற மூன்றும் உடைக்கப்படவில்லை.

"முதல் கடிதத்துக்கு என்ன பதில் போட்டனீங்கள்?"

"உண்மையைத்தான். அமெரிக்கக் குடிமகனோ எண்டு கேட்டிருந்தவை. ஓம் எண்ட பெட்டியிலை சரி போட்டனான்."

"ஜஸ்ட் சரி மட்டுமோ?"

"பக்கத்திலை 'பிறப்பால்' எண்டு இங்கிலீசிலை எழுதி, அடிக்கோடும் போட்டனான்."

யோகா கதிரையில் இருந்துவிட்டாள். இதை வாசிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணேசலிங்கத்தின் தகப்பனார் நீர்ப்பாசனப் பொறியியலாளர். அறுபதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து மனைவியோடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் படிக்கப் போனார். போன இடத்தில் கணேசலிங்கம் பிறந்தார். ஏழு மாதத்தில் குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டது. அவருக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள மொத்தத் தொடர்பும் அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழு மாதத்தை வைத்து அவர் அறுபத்தொரு வருடம் சீவித்துவிட்டார். கலியாண வீட்டில், செத்த வீட்டில், பல் டொக்டரின் கதிரையில் வாயைத் திறந்தபடி, எங்கேயும் எப்படியாவது அயோவா வந்துவிடும். பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை ஒட்டி, சட்டம் போட்டு, வரவேற்பறையில் நல்லூர் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார். ஆனால் உத்தியோகபூர்வமாக, கடிதத்தலைப்புப் போட்டு, அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. வங்கிதான் முதன்முதலாகக் கேட்டது. மனுசன் எப்படி இல்லை என்று போடுவார்?

"ஓம் எண்டா அமெரிக்க வரி நம்பர் கேட்டிருக்கினம், அப்பா. யூ டிட்ன்ட் கிவ் இற்."

"இல்லாத நம்பரை எப்பிடிக் குடுக்கிறது?"

"ஸோ ரெண்டாவது, மூண்டாவது, நாலாவது கடிதமும் அதைத்தான் கேட்டிருக்கு. நாலாவதிலை கடைசி டேட் போட்டிருக்கு. நேற்று."

யோகா எழும்பினாள். கிழங்குப் பானையை இறக்கி வடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அழுதாளா என்று யாரும் கேட்க முடியாதபடி முகமெல்லாம் ஈரம்.

"வெள்ளிக்கிழமை," என்றாள், பானையைப் பார்த்து. "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி."

*

அமெரிக்க வரிக் கணக்குத் தெரிந்தவர் கெல்லிவில்லில் ஒருவர் இருப்பதாக ராகவி தேடிப் பிடித்தாள். பெயர் ஹம்சா. திருச்சிக்காரி. பதினொரு வருடம் நியூ ஜெர்சியில் கணக்காளராக இருந்துவிட்டுக் கணவன் வேலையோடு சிட்னிக்கு வந்தவள். மாடியில் ஒரு அறையை அலுவலகமாக்கி, இந்த வலையில் மாட்டினவர்களுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறாள். அப்படி மாட்டினவர்கள் சிட்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது யோகாவுக்கு ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

திங்கட்கிழமை போனார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று யோகா ஒரு பெட்டி ரோல்ஸ் கொண்டுபோனாள். கணேசலிங்கம் சட்டத்தோடு சான்றிதழைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"உக்காருங்க அங்கிள், ஆன்ட்டி. எந்த வயசுல அமெரிக்காவ விட்டு வந்தீங்க?"

"ஏழு மாதம்."

"ஏழு மாசம் அங்க வேலை பார்த்தீங்களா?"

"ஏழு மாதக் குழந்தையா வந்தனான்."

"அதுக்கப்புறம் எத்தன தடவ போயிருக்கீங்க?"

"ட்ரான்சிட்டுக்கும் போனதில்லை," என்றாள் யோகா.

"யோகா, நீர் கொஞ்சம் சும்மா இரும். பிள்ளை என்னைக் கேக்குது."

ஹம்சா சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "ஐயோ, லாமினேட் பண்ணிட்டீங்களா? இத ஏத்துக்குவாங்களான்னு சந்தேகம்தான் அங்கிள். அயோவாவுக்கே எழுதிப் புதுசா வாங்கணும்."

"ஈரம் படாமல் இருக்கத்தான்," என்றார் கணேசலிங்கம். அறைக்குள் குளிரூட்டி நன்றாக வேலை செய்தும் அவருக்கு நெற்றியில் வேர்த்தது.

ஹம்சா பொறுமையாகச் சொன்னாள். அமெரிக்கக் குடிமகன் என்றால் உலகத்தில் எங்கே இருந்தாலும் வருடா வருடம் அமெரிக்காவுக்கு வரிப் படிவம் போட வேண்டும். நிலாவில் குடியிருந்தாலும் போட வேண்டும். அவர்களுடைய கணக்குகளை வெளிநாட்டு வங்கிகளும் அமெரிக்காவுக்கு அறிவிக்க வேண்டும், அதற்குத்தான் அந்த நம்பர். தெரியாமல் விட்டவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மூன்று வருடத்துப் படிவம், ஆறு வருடத்து வங்கிக் கணக்கு விவரம், ஏன் இத்தனை நாள் போடவில்லை என்று ஒரு வாக்குமூலம்.

"நான் இஞ்சை ஒரு சதமும் குறையாமல் வரி கட்டினனான், பிள்ளை."

"தெரியும் அங்கிள். அதனால அங்க கட்ட வேண்டியது அநேகமா ஒண்ணும் இருக்காது. ஆனா ஒண்ணும் இல்லைங்கறத நூறு பக்கத்துல சொல்லணும்."

"என்ரை கடைக்காசு?" என்றாள் யோகா. அவளுக்கு நூறு பக்கமும் ஒன்றுதான், ஒரு பக்கமும் ஒன்றுதான்.

"அதுக்கு வர்றேன் ஆன்ட்டி. வரி நம்பருக்கு இன்னைக்கே விண்ணப்பம் ஆரம்பிச்சு, அமெரிக்கத் துணைத் தூதரகத்துல நேர்காணலுக்கு நாள் கேட்டு மெயில் போடறேன். அவங்க பதில் வந்துட்டா, அதையும் படிவத்தையும் காட்டி பேங்க்ல ஹோல்ட எடுக்கச் சொல்லலாம். பதில் வியாழக்கிழமைக்குள்ள வந்தா உங்க அதிர்ஷ்டம். எடுத்ததும் அந்த ஜாயின்ட் கணக்க மூடிட்டு, உங்க தனிப் பேர்ல ஒரு கணக்கு தொடங்கிப் பணத்த மாத்திருங்க. கடையும் உங்க பேர்லயே இருக்கட்டும். அங்கிள் பேர் எவ்வளவு கம்மியா எதுல இருக்கோ அவ்வளவு நல்லது."

"நான் கடைக் கொம்பனியிலை ஒரு டிரெக்டர்," என்றார் கணேசலிங்கம். "கடைக்குப் பேரும் யோசிச்சாச்சு. 'அமெரிக்கன் டேக் எவே'."

"டிரெக்டரா? பங்கும் இருக்கா? வேண்டாம் அங்கிள். அதுக்குத் தனியா ஒரு ஃபாரம் இருக்கு. அத நிரப்ப நான் வாங்கற பீஸ்ல ஆன்ட்டி இன்னொரு கடை வச்சிடலாம்."

யோகா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்தது. வந்த நேரம் சரியில்லை.

"சரி, இப்ப கணக்கு விவரம். உங்க பேர்ல இருக்கற, இல்லன்னா நீங்க கையெழுத்துப் போடற அதிகாரம் இருக்கற எல்லாக் கணக்கும் வேணும். உங்க காசா இல்லாட்டியும் பரவால்ல. செக்ல உங்க கையெழுத்து செல்லும்னா சொல்லணும்."

கணேசலிங்கம் நிமிர்ந்தார். அவர் முகத்தில் சனிக்கிழமைக்குப் பிறகு முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. "எழுதுங்கோ பிள்ளை. கோயில் தேர்த்திருவிழாச் சபை. பழைய மாணவர் சங்கம். ஊர் முன்னேற்றச் சங்கம். மரண சகாய நிதி. ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம்..."

"மெதுவா, மெதுவா."

"மூத்தோர் சங்கம். பூப்பந்துக் கழகம், அதுக்கு ரெண்டு கணக்கு. வாசிகசாலைக் கட்டட நிதி. பொங்கல் விழாக் குழு. ஊரிலை என்ரை தங்கச்சியின்ரை வீட்டுக் கணக்கு."

யோகா விரல் மடித்துக்கொண்டிருந்தாள். பத்து விரலும் முடிந்து ஒன்று மிஞ்சியது.

"பதினொண்ணு," என்றாள் ஹம்சா. "இவ்வளவுலயும் ஏன் அங்கிள் நீங்களே?"

"நான் நம்பிக்கையான ஆள். பிறகு, அமெரிக்கப் பிரசை கையெழுத்து வைச்சா ஒரு மதிப்பு எண்டு சனம் நினைக்குது."

உண்மை என்னவென்றால் சனம் அப்படி எதையும் நினைக்கவில்லை. பொருளாளர் பதவிக்கு வேறு யாரும் வருவதில்லை. வந்த ஒருவரையும் கணேசலிங்கம் விட்டதில்லை.

"ஒவ்வொரு கணக்குலயும் ஒவ்வொரு வருஷமும் அதிகபட்சமா எவ்வளவு இருந்ததுன்னு வேணும்," என்றாள் ஹம்சா. "ஆறு வருஷத்துக்கு." பிறகு ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். "ஆன்ட்டி, நீங்க கண்டிப்பா கடை வைக்கணும்."

*

பிழை இங்கேதான் நடந்தது. யோகாவோ ராகவியோ அந்த விவரங்களைச் சத்தமில்லாமல் எடுத்திருப்பார்கள். கணேசலிங்கம் செவ்வாய்க்கிழமை காலை டெலிபோனை எடுத்து, ஒவ்வொரு சங்கத்துச் செயலாளருக்கும் அழைத்து, "வாசிங்டனுக்கு அறிவிக்க வேண்டியிருக்கு. எங்கடை கணக்கிலை ஆகக்கூடின மீதி என்ன?" என்று கேட்டார். அவர் கேட்ட குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை யோகா குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

மத்தியானத்துக்குள் மெரிலேண்ட்ஸிலிருந்து பெண்டில் ஹில் வரை செய்தி போய்விட்டது. தேர்த்திருவிழாச் சபையின் காசை அமெரிக்கா பார்க்கிறது. மரண சகாய நிதியை அமெரிக்கா எடுக்கப்போகிறது. பூப்பந்துக் கழகத்தில் விளையாடினவர்கள் இனி ஹவாய்க்கு விடுமுறை போக முடியாது. புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கு முன்னால் ஏழு கார் நின்றது. பக்கத்து வீட்டு மோல்டாக்காரக் கிழவி எட்டிப் பார்த்து யாரும் செத்துப்போனார்களா என்று ராகவியைக் கேட்டாள்.

முதலில் உள்ளே வந்தவர் இரத்தினசிங்கம் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பழைய மாணவர் சங்கப் பொருளாளர் பதவிக்குக் கணேசலிங்கத்தை எதிர்த்து ஆறு தரம் நின்று ஆறு தரமும் தோற்றவர். கையில் ஒரு பைல். பைலுக்குள் வங்கிப் படிவங்கள். எல்லாச் சங்கத்துப் படிவத்தையும் அவரே சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். அந்த வேகத்தில் அவருடைய இருபது வருட ஆசை தெரிந்தது.

"மாஸ்டர், வாங்கோ. இருங்கோ."

"இருக்கிறதுக்கு நேரமில்லை, கணேஸ். விசயத்தைக் கேள்விப்பட்டனான். மனவருத்தம். நீர் இதுகளிலை கையெழுத்து வைச்சீரெண்டால் உம்மடை பேரை எடுத்துப்போடலாம்."

"நிர்வாகசபை கூடித் தீர்மானிக்க வேணும், மாஸ்டர். யாப்பிலை கிடக்கு."

"கூடினது. மத்தியானம் ஒரு மணிக்கு. ஒன்பது சபையும் ஒரே மண்டபத்திலை கூடினது. எப்பிடியும் அதே ஆக்கள்தானே."

"தீர்மானம்?"

"ஏகமனதாய்," என்றார் மாஸ்டர். "இந்தச் சனம் ஒரு விசயத்திலை ஒற்றுமைப்பட்டு நான் இண்டைக்குத்தான் பார்த்தனான்."

யோகா தட்டில் ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். யார் எதற்கு வந்தாலும் வைப்பாள். எல்லோரும் எடுத்தார்கள். வாயில் ரோல்ஸோடு நிற்கிறவர்கள் முகத்தில் மனவருத்தம் சரியாகப் பொருந்தவில்லை.

"போன வருசத்து மண்டபக் காசிலை நூற்றைம்பது டொலர் மிச்சம் பிடிச்சது ஆர்?" என்று கணேசலிங்கம் கேட்டார், குறிப்பாக யாரையும் பார்க்காமல். "செத்த வீட்டுக்கு விடிய ஆறு மணிக்குச் செக்கோடை போய் நிண்டது ஆர்?"

"நீர்தான். நாங்கள் மறக்கேல்லை," என்றார் மாஸ்டர், பேனாவை நீட்டியபடி.

கணேசலிங்கத்தின் கையெழுத்து லேசான கையெழுத்தல்ல. ஆங்கிலத்தில் பெரிய 'ஜி' ஒன்று, அதன் வால் சுற்றி மேலே போய், பெயர் முழுவதையும் கடந்து வந்து, கீழே கோடாக ஓடி, இரண்டு புள்ளியோடு, அவர் சொல்லில் இரண்டு குத்தோடு, முடியும். போட்டு முடிக்க நேரமெடுக்கும். பத்துத் தரம் போட்டார். ஒன்றிலும் வாலைக் குறைக்கவில்லை, குத்தை விடவில்லை. மாஸ்டர் ஒவ்வொன்றையும் எடுத்து மை காய ஊதிப் பைலில் வைத்தார். பத்தாவது முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பி, 'போட்டு வாறம்' என்று சொல்லிப் போனார்கள். மாஸ்டர் மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "கணேஸ், கணக்கு எழுதிற முறை ஒருக்கால் சொல்லித் தருவீரோ? அடுத்த கிழமை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கணேசலிங்கம் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகாவுக்கு அவர்மேல் நான்கு நாளாக இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு பாவமும் வந்து இருந்துகொண்டது. எதை முதலில் கவனிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த ஒரு ரோல்ஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்கோ. காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை."

"பசிக்கேல்லை," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

*

வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மழை. இடியோடு வந்து வெக்கையைக் கழுவிக்கொண்டு போனது. யோகா யன்னலெல்லாம் திறந்துவிட்டாள். ஹம்சாவிடமிருந்து இன்னும் செய்தியில்லை. கணேசலிங்கம் வாக்குமூலம் எழுதி முடித்திருந்தார். பதினாலு பக்கம். ராகவி லீவு எடுத்துக்கொண்டு வந்து அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, கேளுங்கோ. 'ஐ வாஸ் போர்ன் இன் எ ஸ்னோ ஸ்டோர்ம்.' இதிலை தொடங்குது. மூண்டாம் பக்கம்தான் கப்பல் வருது."

"கப்பலோ? பிளேனிலை வந்ததெண்டுதானே சொல்லுறவர்?"

"திஸ் இஸ் அண்டர் ஓத், அம்மா. உண்மை எழுத வேணும்."

இருவரும் சிரித்தார்கள். கணேசலிங்கம் பின்வளவில் மழைக்கு விழுந்த மாவிலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். ராகவி பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனாள். ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"நீங்களே வாசியுங்கோ."

யோகா கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். பள்ளிக்கூடத்து அழகான உருட்டு எழுத்து. எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டபோது அந்தச் சான்றிதழின் பிரதி சட்டைப்பைக்குள் இருந்தது என்று எழுதியிருந்தார். 'அதைக் காட்ட நேரம் வரவில்லை, ஓடித் தப்பினேன், ஆனால் என்னைத் துரத்தாத ஒரு நாடு எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.' அதற்குக் கீழே இன்னொரு பந்தி. 'கலியாணத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போக ஆயத்தம் செய்தேன். பத்திரங்களும் எடுத்தேன். ஆனால் என் மனைவிக்குச் சிட்னியில் ஒரு அண்ணன் இருந்தார், அமெரிக்காவில் ஒருவரும் இல்லை. ஒருவரையும் தெரியாத ஊரில் அவள் தனித்துப்போவாள் என்று நினைத்து, குளிர் எனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். அதனால் படிவம் போட வேண்டும் என்று எனக்குச் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.'

யோகா அதை இரண்டு தரம் வாசித்தாள். முப்பத்துநான்கு வருடமாக அந்தக் குளிரை வைத்து அவரைப் பகிடி பண்ணியிருக்கிறாள். விருந்தாளிகளுக்கு முன்னால், பிள்ளைக்கு முன்னால். பனியில் பிறந்தவருக்குப் பனி ஒத்துவராதாம் என்று. அவரும் கூடச் சிரித்திருக்கிறார். அந்த மனுசன் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, இந்த முறை கிழங்குப் பானையும் பக்கத்தில் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஹம்சா டெலிபோன் எடுத்தாள். "ஆன்ட்டி, பதில் வந்துடுச்சு! நேர்காணல் தேதி கொடுத்திருக்காங்க. பேங்க் மேனேஜர்கிட்டயும் பேசிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் போங்க. அப்புறம், அங்கிள் போட்டோ எடுத்து அனுப்பின வாக்குமூலத்தோட வரைவு பார்த்தேன். அரைப் பக்கம் போதும். கப்பல், பனி, கல்யாணம் எல்லாம் எடுத்துடறேன்."

"எடுங்கோ," என்றாள் யோகா. "ஆனால் அந்தத் தாள் எனக்கு வேணும்."

"தாராளமா. இன்னொண்ணு ஆன்ட்டி. இதெல்லாம் சரி பண்ணினதும் குடியுரிமையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம். நெறைய பேர் அதான் பண்றாங்க. இல்லன்னா வருஷா வருஷம் இந்தத் தொல்லைதான். அங்கிள்கிட்ட கேளுங்க, நீங்க சொன்னா கேப்பாரு."

யோகா யன்னலால் பார்த்தாள். அவர் மாவிலையைக் கூட்டிக் குவித்துவிட்டு, குவியலுக்குப் பக்கத்தில் அடுத்த வேலை என்ன என்று தெரியாமல் விளக்குமாறோடு நின்றார்.

"வேண்டாம், பிள்ளை. அது அவரிட்டையே இருக்கட்டும்."

"ஆன்ட்டி, பீஸ்..."

"வருசத்துக்கு எத்தினை ரோல்ஸ் எண்டு சொல்லுங்கோ. சுருட்டுவம்."

*

வெள்ளிக்கிழமை வங்கியில் கணேசலிங்கம் முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தார். தடை எடுபட்டது. பிறகு இன்னொன்றில் வைத்தார். இருபத்தெட்டு வருடக் கூட்டுக் கணக்கு மூடப்பட்டது. அதன் பிறகு மேசையில் இருந்த பெண் அவரைப் பார்த்துப் புன்னகைத்து, பின்னால் இருந்த கதிரையைக் காட்டினாள். அவர் போய் இருந்தார். யோகாவின் பெயர் வங்கியில் எப்போதும் இரண்டாவதாகவே இருந்தது. திரையில் அது தனியே நிற்பதை அவள் இப்போதுதான் பார்த்தாள். நீளமான பெயர்தான். யோகேஸ்வரி என்பதை யாரும் சொல்லிக் கேட்டே கனகாலம்.

"நீங்கள் அமெரிக்கக் குடிமகளா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ," என்றாள் யோகா. வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை.

"இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட வேறு யாருக்காவது அதிகாரம் கொடுக்க வேண்டுமா?"

பின்னால் கதிரை கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும், மனுசன் முன்னால் சாய்ந்திருக்கிறார், கை சட்டைப்பைப் பேனாவில் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு ஹம்சா பன்னிரண்டாவது கணக்கு எழுதுவாள், அடுத்த கார்த்திகையில் ஐந்தாவது கடிதம் வரும்.

"நோ," என்றாள் யோகா. இந்த முறை அது அவ்வளவு சந்தோஷமாக வரவில்லை.

மூன்றரை மணிக்கு முற்பணம் ஏஜென்ற்றிடம் போய்ச் சேர்ந்தது. குமிழித் தேநீர்க்காரன் வேறு இடம் தேடினான்.

கடை மாசியில் திறந்தது. பெயர் 'யோகாஸ் ரோல்ஸ்'. சுவரில் கவுன்சில் கொடுத்த உணவுச் சான்றிதழ் ஒன்று. அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்டு, இனி எந்த அலுவலகத்துக்கும் உதவாத, பிளாஸ்டிக் ஒட்டிய அயோவாச் சான்றிதழ். அதை மாட்ட ஆணி அடித்தது யோகாதான். கணேசலிங்கம் காலையில் வந்து கதிரைகளை இறக்குவார், தூள் புரட்டுவார், வருகிறவர்கள் சுவரைப் பார்க்கும்வரை காத்திருப்பார். செவ்வாய்க்கிழமைகளில் இரத்தினசிங்கம் மாஸ்டர் கணக்குப் புத்தகத்தோடு வந்து மூலை மேசையில் இருந்து பாடம் கேட்பார். ஆனால் காசோலை, ரசீது, படிவம் என்று எது வந்தாலும் கணேசலிங்கம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நிற்பார். யோகாவுக்கு அதைப் பார்க்கத்தான் ஏலாமல் இருந்தது.

மூன்றாவது கிழமை, மத்தியானக் கூட்ட நேரம். யோகாவின் இரண்டு கையும் முழங்கைவரை முட்டையும் தூளும். லெபனான்காரரே கிழங்கு மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்து, கைபேசியை நீட்டி, "சைன் ஹியர், லவ்" என்றார்.

யோகா கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு உள்ளே திரும்பினாள்.

"இஞ்சருங்கோ! ஒருக்கால் வந்து கையெழுத்து வையுங்கோ."

கணேசலிங்கம் வந்தார். கையைக் கழுவினார். துடைத்தார். கைபேசியை வாங்காமல் அவளைப் பார்த்தார்.

"யோகா, உதை ஹம்சாவுக்குச் சொல்ல வேணுமோ?"

"நாலு மூட்டைக் கிழங்குக்கு வாசிங்டன் வராது. வையுங்கோ."

அவர் சுட்டுவிரலால் தொடங்கினார். பெரிய 'ஜி'. அதன் வால் சுற்றி மேலே போய், பெயர் முழுவதையும் கடந்து திரும்பி வந்து, கோடாக ஓடி, திரையின் ஓரத்தைத் தாண்டி லெபனான்காரரின் பெருவிரல்வரை போனது. வரிசையில் நின்ற ஏழு பேரும் பொறுத்திருந்தார்கள். லெபனான்காரர் கைபேசியை எடுக்கப் போனார்.

"பொறுங்கோ," என்றாள் யோகா. "இன்னும் ரெண்டு குத்துக் கிடக்கு."